மாத்திரை போட்டால் விசுவாசம் போய்விடுமா?

கேள்வி



எங்களுக்குக் கோவிந்தாபுரம். செக்போஸ்ட்டைத் தாண்டிக் கேரளப் பக்கம் கொஞ்ச தூரத்தில் வீடு. என் வீட்டுக்காரர் முதலமடையில் மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுக்கிறவர். பூ எடுக்கும்போதே தோப்புக்காரருக்கு முன்பணம் கொடுத்துவிட வேண்டும். அதன் பிறகு மருந்து, காவல், பறிகூலி எல்லாம் எங்கள் செலவு. காய் இறங்கி லாரி ஏறினால்தான் கையில் காசு. இரண்டு வருஷமாக இலைப்பேன் விழுந்து பூ கருகிக் கொட்டுகிறது. எத்தனை தடவை மருந்தடித்தாலும் அடங்கவில்லை. இந்தத் தடவை பூவில் மழையும் சேர்ந்துகொண்டது. நகையெல்லாம் பேங்கில் இருக்கிறது. வாரக்கடன் இரண்டு குழுவில். வெளியில் வட்டிக்கு வாங்கியது தனி. மகன் பொள்ளாச்சியில் பாலிடெக்னிக் படிக்கிறான். மகள் பிளஸ் ஒன்.

நாலைந்து மாதமாக ராத்திரி இரண்டரை, மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. நெஞ்சு படபடவென்று அடிக்கும். கை மரத்துப்போகும், மூச்சு முட்டும். இதோ செத்துவிடுவேன் என்றே தோன்றும். தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போனோம். இசிஜி எடுத்துப் பார்த்து, இருதயத்தில் ஒன்றுமில்லை, இது மனப்பதற்றம் என்று சொல்லி டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பத்து நாள் போட்டேன். எங்கள் ஜெபக்குழுவில் ஒரு அக்கா இருக்கிறார். எனக்குத் தாய் மாதிரி. அவர், "கவலைப்படுகிறதே பாவம்மா. மாத்திரையை நம்பினால் கர்த்தரை நம்பவில்லை என்றுதானே அர்த்தம்?" என்றார். நிறுத்திவிட்டேன். உபவாசம் இருந்தேன். ஒரு கூட்டத்தில் கடன் தீருவதற்காக ஐயாயிரம் ரூபாய் பொருத்தனை சொல்லியிருக்கிறேன். அதையும் கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும். படபடப்பு என்னவோ முன்னைவிட அதிகமாகத்தான் இருக்கிறது.

மத்தேயு ஆறாம் அதிகாரத்தைத் திறந்தாலே அழுகை வருகிறது. காட்டுப்பூக்களைப் பார்க்கச் சொல்கிறார் ஆண்டவர். எங்கள் பூ கண்முன்னால் கருகிப்போனதே ஐயா! சில ராத்திரிகளில், காலையில் கண் முழிக்காமல் போனால் நல்லது என்று நினைக்கிறேன். இப்படி நினைப்பதும் பாவம்தானே? எனக்கு விசுவாசம் இல்லையா? மாத்திரை போடலாமா, கூடாதா? எப்படி ஜெபித்தால் இந்தப் பயம் போகும்?

ஒரு சகோதரி, கோவிந்தாபுரம்

பதில்



முதலில் மாத்திரை. அதை நீங்களாக நிறுத்தியிருக்கக் கூடாது. நான் வைத்தியன் அல்ல. போதகன், ஆலோசனைப் பணிக்காக மனநலம் கொஞ்சம் படித்தவன். ஆனால் இவ்வளவு தெரியும். பதற்றத்துக்குக் கொடுக்கிற மாத்திரைகளில் பல, வேலைசெய்ய ஆரம்பிக்கவே இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். பத்து நாளில் பலன் தெரியாததில் ஆச்சரியம் இல்லை. சில மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் படபடப்பும் தூக்கமின்மையும் முன்னைவிடக் கூடும். இப்போது உங்களுக்கு அதிகமாகியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அதைப் போய் விசுவாசக் குறைவின் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

பழைய சீட்டை எடுத்துக்கொண்டு அதே டாக்டரிடம் போங்கள். நிறுத்திவிட்டதை மறைக்காமல் சொல்லுங்கள். டாக்டர்களுக்கு இது புதிதல்ல. இரத்தசோகையும் தைராய்டுக் கோளாறும்கூட நெஞ்சை இப்படிப் படபடக்கவைக்கும். அதற்கான இரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். தோப்பில் மருந்தடிக்கிற நாட்களில் நீங்களும் கூட நிற்பவர் என்றால் அதையும் சொல்லுங்கள். உங்கள் பக்கத்து ஜனங்களுக்குப் பூச்சிமருந்து வாடை பழகிப்போய்விட்டது. டாக்டரிடம் சொல்ல வேண்டிய சங்கதி அது என்றே அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

இனி மத்தேயு ஆறு. ஆறுதலாகச் சொல்லப்பட்ட அந்த வார்த்தைகளைக் குற்றச்சாட்டாகக் கேட்கும்படி உங்களைப் பழக்கியது எங்களைப் போன்ற பிரசங்கிகள்தான். அதை முதலில் கேட்டவர்கள் யார் என்று பாருங்கள். கலிலேயாவின் மீன்பிடிகாரர்கள், கூலிக்காரர்கள், ரோமனுக்கும் ஆலயத்துக்கும் வரி கட்டிக் கட்டி நொந்தவர்கள். அதே அதிகாரத்தில் சற்று முன்னால் இயேசு அவர்களுக்கு ஒரு ஜெபம் கற்றுக்கொடுக்கிறார். அதில் ஒரு நாளுக்கான ஆகாரத்தைத்தான் கேட்கச் சொல்கிறார். உடனே அடுத்த விண்ணப்பம் கடனைப் பற்றி வருகிறது. நாளைய சோறு நிச்சயமில்லாதவர்களிடம், அது தெரிந்தே பேசியவர் அவர். ஒவ்வொரு நாளுக்கும் அதனதன் பாடு உண்டு என்று ஒப்புக்கொண்டுதான் அந்தப் பேச்சையே முடிக்கிறார். உனக்குப் பாடே இல்லை என்று எங்கும் சொல்லவில்லை.

பூவைப் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் கேள்வியிலேயே எனக்கு மிகவும் வலித்த இடம் அது. முப்பதாம் வசனத்தை இன்னொரு முறை நிதானமாக வாசியுங்கள். சாலொமோனைவிட அழகாக உடுத்தியிருக்கிறது என்று புகழ்ந்த அதே பூவைப் பற்றி, இன்றைக்கு இருந்து நாளைக்கு அடுப்புக்குப் போகிறது என்று அவரே சொல்கிறார். வாடாத பூவைக் காட்டி அவர் நம்பிக்கை கொடுக்கவில்லை. பூ கருகும் என்பது நாசரேத்தின் தச்சனுக்குத் தெரியும். முதலமடையில் கார்த்திகை மார்கழியில் ஒரு கிளை முழுக்கப் பூத்து நிற்பதையும், பத்து நாள் கழித்து அது பழுப்பேறித் தொடுமுன்னே உதிர்வதையும் பார்த்த கண்ணோடு அந்த வசனத்தை நீங்கள் வாசிக்கலாம். ஒரு சீசன் தவறாது என்ற வாக்குறுதி அதில் இல்லை. சீசன் தவறினாலும் உங்களை நினைக்கிற பிதா ஒருவர் இருக்கிறார் என்பதுதான் இருக்கிறது.

அதே வசனத்தில்தானே 'அற்பவிசுவாசிகள்' என்ற வார்த்தையும் வருகிறது என்று கேட்பீர்கள். வருகிறது. ஆனால் இயேசு அந்தப் பெயரால் யாரையெல்லாம் அழைத்தாரோ அவர்களில் ஒருவரையும் அவர் தள்ளிவிடவில்லை. எட்டாம் அதிகாரத்தில் புயலுக்குப் பயந்து அலறுகிற சீஷர்களை அப்படி அழைக்கிறார்; அழைத்துவிட்டு எழுந்து காற்றை அதட்டுகிறார். பதினாலாம் அதிகாரத்தில் தண்ணீரில் மூழ்கப்போன பேதுருவை அப்படிச் சொல்லும்போது, அவர் கை ஏற்கெனவே பேதுருவைப் பிடித்திருக்கிறது. அந்த வார்த்தையை எடுத்து மற்றவர்கள்மேல் வீசுகிற நாம்தான் கையை நீட்ட மறந்துவிடுகிறோம்.

ஜெபக்குழுக்களில் அடுத்தபடியாக எடுத்து நீட்டப்படுவது பிலிப்பியர் நாலாம் அதிகாரம். ஒன்றுக்கும் கவலைப்படாமல் எல்லாவற்றையும் ஜெபத்தில் தெரியப்படுத்தச் சொல்லும் இடம். அருமையான இடம்தான். ஆனால் அந்த ஒரு வசனத்தை மட்டும் கத்தரித்து காலண்டரில் ஒட்டிவிட்டோம். முழு நிருபத்தையும் ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். கால் மணி நேரம் ஆகும். எழுதுகிற பவுல் கட்டுண்டு காவலில் இருக்கிறார். இரண்டாம் அதிகாரத்தில் எப்பாப்பிரோதீத்து என்ற ஒருவர் வருகிறார். பவுலுக்கு உதவ வந்த இடத்தில் சாகும் தறுவாய்க்கு நோயில் விழுந்து பிழைத்தவர். அவர் செத்திருந்தால் தனக்குத் துக்கத்தின்மேல் துக்கமாகியிருக்கும் என்கிறார் பவுல். அவரை ஊருக்கு அனுப்பிவைத்தால் தன் துக்கம் குறையும் என்றும் எழுதுகிறார். கவலைப்படாதே என்று சொல்லும் அதே நிருபத்தில், அதே பேனாவால் எழுதுகிறார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நாலாம் அதிகாரத்தின் பின்பகுதி என்ன? பிலிப்பி சபையார் அனுப்பிய பண உதவிக்கு நன்றி. தன் உபத்திரவத்தில் அவர்கள் பங்கெடுத்தது நல்ல காரியம் என்று பாராட்டுகிறார். தெசலோனிக்கேயாவில் இருந்தபோதும் அனுப்பினார்களே என்று நினைவுகூர்கிறார். ஆக, கவலைப்படாதிருங்கள் என்ற அந்தப் பேச்சு, ஒருவர் பாட்டை இன்னொருவர் சுமந்த சபைக்குள் நடந்த பேச்சு. உதவியைக் கழற்றிவிட்டு உபதேசத்தை மட்டும் அனுப்புவது பவுலுக்குத் தெரியாது. உங்கள் ஜெபக்குழுவின் தலைவர் இதை வாசிக்க நேர்ந்தால் இந்தப் பத்தியை இரண்டு தடவை வாசிக்கட்டும்.

காலையில் கண் முழிக்காமல் போனால் நல்லது என்ற நினைப்பு. அதை மறைக்காமல் எழுதினீர்களே, நல்ல காரியம் செய்தீர்கள். அதே மாதிரி வேதத்தில் சொன்னவர் சாதாரண ஆள் அல்ல, எலியா. கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினியை இறக்கிய மனிதர், அடுத்த அதிகாரத்தில், 1 இராஜாக்கள் 19-ல், யேசபேலின் ஒரு மிரட்டலுக்குப் பயந்து ஓடுகிறார். வேலைக்காரனைப் பெயெர்செபாவில் விட்டுவிட்டு, தனியாக ஒரு நாள் பிரயாணம் வனாந்தரத்துக்குள் போய், ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். கர்த்தர் அவரைக் கடிந்துகொண்டாரா? இல்லை. பிரசங்கம் செய்தாரா? இல்லை. தூங்கவிட்டார். தூதன் வந்து தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் கொடுக்கிறான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கிவிடுகிறார்! அதற்கும் கோபம் இல்லை. தூதன் இரண்டாம் தரமும் வந்து, பிரயாணம் தூரம், சாப்பிடு என்கிறான். இவ்வளவும் ஆன பிறகுதான் ஓரேப் மலை, அதன் பிறகுதான் மெல்லிய சத்தம். அங்கேயும் அவர் கையில் கொடுக்கப்படுவது கூட வருவதற்கு ஓர் ஆள், எலிசா. நீ தனியாள் இல்லை, இன்னும் ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்ற தகவலும் கிடைக்கிறது.

தூக்கம், சாப்பாடு, துணை. கர்த்தர் தம் தீர்க்கதரிசிக்கு முதலில் கொடுத்த சிகிச்சை இதுதான். நாலைந்து மாதமாகச் சரியாகத் தூங்காத உடம்பை வைத்துக்கொண்டு நீங்கள் உபவாசம் வேறு இருந்திருக்கிறீர்கள். வேண்டாம் சகோதரி, இப்போதைக்கு உபவாசம் வேண்டாம். மூன்று வேளையும் சாப்பிடுங்கள்.

அந்த நினைப்பைப் பற்றி இன்றைக்கே வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். வீட்டுக்குள் பூச்சிமருந்து டப்பா எதுவும் இருக்க வேண்டாம். தோப்புக் கொட்டகையில் வைத்துப் பூட்டி, சாவியை அவர் வைத்துக்கொள்ளட்டும். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை. தோப்பு விவசாயம் செய்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் இதைச் சொல்வேன்.

விசுவாசமா வைத்தியமா என்ற உங்கள் கேள்விக்கு இந்தியாவிலேயே வாழ்ந்து காட்டிய ஒருவர் உண்டு. இ. ஸ்டான்லி ஜோன்ஸ், அமெரிக்க மெதடிஸ்ட் மிஷனரி, 1907-ல் இந்தியாவுக்கு வந்து லக்னோவில் ஊழியம் தொடங்கியவர். எட்டு வருஷத்துக்குள் நரம்பு தளர்ந்து மனம் உடைந்துபோனார். ஓய்வுக்காக அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். கப்பலில் ஞாயிறு ஆராதனையில் பேசிக்கொண்டிருக்கும்போதே மறுபடி நிலைகுலைந்தார். திரும்பி வந்தும் தேறவில்லை. மலைக்குப் போய் ஓய்வெடுத்துவிட்டுச் சமவெளிக்கு இறங்கினால் பழையபடி ஆகிவிடும். ஊழியத்தை விட்டுவிட்டு ஊருக்குப் போய் ஏதாவது தோட்டவேலை பார்க்கலாமா என்று யோசிக்கும் அளவுக்கு வந்துவிட்டார். அப்படிப்பட்ட ஒரு நாளில் லக்னோவில் ஜெபிக்கும்போது, இந்தப் பாரத்தை என்னிடம் ஒப்புக்கொடுக்கிறாயா என்று கர்த்தர் தன் உள்ளத்தில் கேட்டதாகவும், ஒப்புக்கொடுத்ததாகவும், அந்த நேரம் முதல் ஒரு சமாதானம் தன்னை நிரப்பியதாகவும் அவரே எழுதியிருக்கிறார். அதன் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் உலகமெல்லாம் சுற்றி உழைத்தார்.

இந்தச் சாட்சியை இதுவரைக்கும் சொல்லி நிறுத்துகிற பிரசங்கிகள் உண்டு. மீதியைச் சொல்கிறேன். ஜெபத்தில் சுகம் பெற்ற அதே ஜோன்ஸ், 1950-ல் அதே லக்னோவில் நூர் மன்ஸில் என்ற மனநல மருத்துவ மையத்தைத் தொடங்கினார். எனக்கு ஜெபம் போதுமாக இருந்தது, ஆகவே எல்லாருக்கும் அது மட்டும் போதும் என்று அவர் சொல்லவில்லை. மனம் உடைந்தால் எப்படி இருக்கும் என்று அனுபவித்த மனிதர், அப்படி உடைந்தவர்களுக்கு மனநல மருத்துவர் வேண்டும் என்று தீர்மானித்தார். 1971 டிசம்பரில், 87 வயதில், பக்கவாதம் அவரைச் சாய்த்தது. இந்தத் தடவை ஒரே ஜெபத்தில் எழுந்து நடக்கும் அற்புதம் நடக்கவில்லை. தட்டுத்தடுமாறிப் பேசப் பழகினார், இந்தியாவுக்கே திரும்பி வந்தார், 1973 ஜனவரியில் பரேலியில் காலமானார். ஒரே மனிதர், ஒரே விசுவாசம். கர்த்தர் ஒரு தடவை ஒரு விதமாகவும் இன்னொரு தடவை வேறு விதமாகவும் நடத்தினார்.

நம் பக்கத்திலும் பாருங்கள். வேலூர் சி.எம்.சி.யை ஐடா ஸ்கடர் 1900-ல் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்தார். அங்கே பின்னாளில் பாகாயத்தில் ஒரு மனநல மையமும் வந்தது. நோயாளியோடு குடும்பத்தார் ஒருவரும் கூடவே தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கும் முறைக்குப் பெயர்பெற்ற இடம் அது. மனநல மாத்திரை கர்த்தருக்கு விரோதம் என்றால் இந்த மிஷன் ஆஸ்பத்திரிகளையெல்லாம் முதலில் மூட வேண்டியிருக்கும்.

பயமெல்லாம் அவிசுவாசம் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர் லயங்களை மூடியது. 70 பேர் மாண்டார்கள். பெரும்பாலும் நம் தமிழ்ச் சனம். அதற்குப் பிறகு அந்த மலைகளில் ஒரு தாய்க்கு ராத்திரி மழைச் சத்தம் கேட்டு நெஞ்சு அடித்துக்கொண்டால், அவளுக்கு விசுவாசம் இல்லை என்று சொல்ல எந்தப் போதகனுக்கு வாய் வரும்? உடம்பு பட்டதை மறக்காது. இரண்டு சீசன் அடிபட்ட உங்கள் உடம்பும் அப்படித்தான். நவம்பர் மாதத்தில் மேகம் கறுத்தால் அது துள்ளி எழத்தான் செய்யும்.

எப்படி ஜெபிப்பது என்று கேட்டீர்கள். ராத்திரி மூன்று மணிக்கு நீங்கள் செய்துகொண்டிருப்பது ஜெபம் அல்ல, கணக்கு. கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவர் சமுகத்தில் உட்கார்ந்து வட்டியையும் அசலையும் கூட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் எந்தக் கணக்கும் நேராகாது. படபடப்பு வந்தால் எழுந்து உட்காருங்கள். பாதத்தைத் தரையில் வையுங்கள். மூச்சை இழுப்பதைவிட நிதானமாக, நீளமாக விடுங்கள். இருதயத்தில் ஒன்றுமில்லை என்று டாக்டர் பார்த்துச் சொல்லிவிட்டார். இந்தப் பதற்ற அலை பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானே இறங்கும். அது உங்களைக் கொல்லாது. இறங்குகிற வரைக்கும் பெரிய ஜெபம் எதுவும் தேவையில்லை. ஆண்டவரே, பயமாக இருக்கிறது, கூட இரும் என்று உங்கள் வீட்டுத் தமிழில் சொன்னால் போதும்.

இறங்கிய பிறகு வேண்டுமானால் 42-ஆம் சங்கீதம். அதில் சங்கீதக்காரன் தன் ஆத்துமாவையே கூப்பிட்டு, ஏன் இப்படிக் கலங்குகிறாய் என்று விசாரிக்கிறான். ஒரு தடவை கேட்டதும் சரியாகிவிடவில்லை. 43-ஐயும் சேர்த்தால் மூன்று தடவை அதே கேள்வி. அப்படித் திரும்பத் திரும்பக் கேட்பதற்கு வேதத்தில் இடம் இருக்கிறது. அதுவும் முடியாத இரவுகளுக்கு 88-ஆம் சங்கீதம் இருக்கிறது. ஆறுதலில் முடியாமல் இருளிலேயே முடிகிற சங்கீதம். அதையும் நம் முன்னோர் ஜெபம் என்றே ஏற்று வேதத்தில் வைத்திருக்கிறார்கள்.

கணக்கைப் பகலில் பாருங்கள். வீட்டுக்காரரும் நீங்களும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள். யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி, எந்தக் கிழமை தவணை என்று எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். மனசுக்குள் கிடக்கிற கடனுக்கு ஓரம் தெரியாது. எழுதிப் பார்த்தால் எவ்வளவு பெரியதானாலும் ஒரு தொகைதான். மகனுக்கும் விஷயம் தெரியட்டும், அவன் குழந்தை இல்லை. ஒரு கடனை அடைக்க இன்னொரு குழுவில் வாங்குவது இன்றோடு நிற்கட்டும். வாரக்கடன் கம்பெனிகளுக்கு ரிசர்வ் வங்கி 2022-ல் விதி வகுத்திருக்கிறது. ஒரு குடும்பத்தின் மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து அந்தக் குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகிற மாதிரி கடன் கொடுக்கக் கூடாது. வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்னாலும் மாலை 6 மணிக்குப் பின்னாலும் கூப்பிடக் கூடாது. மிரட்டவோ கெட்ட வார்த்தை பேசவோ கூடாது. இந்த விதியைச் சொல்லி, தவணையை மாற்றித் தரக் கேளுங்கள். பஞ்சாயத்துக் கிருஷி பவனில் (வேளாண் அலுவலகத்தில்) போய், குத்தகை விவசாயிக்குப் பயிர் நஷ்டத்துக்கு என்ன வழி இருக்கிறது என்று வீட்டுக்காரர் விசாரிக்கட்டும். இதெல்லாம் ஆவிக்குரிய காரியம் இல்லையா என்றால், ஒரு குடம் எண்ணெய் மட்டும் வைத்திருந்த விதவையிடம் எலிசா கேட்ட கேள்வி, வீட்டில் என்ன இருக்கிறது என்பதுதான். அவளுக்கும் கடன்தான் பிரச்சினை. எண்ணெயை விற்றுக் கடனை அடை என்றுதான் அந்தக் கதை முடிகிறது.

அந்த ஐயாயிரம் ரூபாய்ப் பொருத்தனையைப் பற்றி. கடன் வாங்கிக் காணிக்கை கட்டாதீர்கள். ஒருவனுக்கு இருக்கிறதின்படிதான் கொடுப்பது அங்கீகரிக்கப்படும், இல்லாததின்படி அல்ல என்று 2 கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தில் தெளிவாக இருக்கிறது. பெற்றோரைக் கவனிக்க வேண்டிய காசைக் காணிக்கை என்று ஒதுக்கியவர்களை இயேசு மாற்கு ஏழில் எவ்வளவு கடுமையாகப் பேசினார் என்றும் பாருங்கள். பயத்தில் வாய்விட்டதை உங்கள் சபைப் போதகரிடம் சொல்லி, அவரோடு சேர்ந்து ஜெபித்து, அந்தப் பாரத்தை இறக்கிவையுங்கள். கடனில் மூழ்கியவர்களிடம் மேடையிலிருந்து பொருத்தனை வாங்குகிற கூட்டங்களுக்கு மறுபடி போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இதை எழுதியதற்காக யாருக்காவது கோபம் வந்தால் வரட்டும்.

கடைசியாக உங்கள் ஜெபக்குழு அக்கா. அவர் உங்கள்மேல் வைத்திருக்கிற அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. ஆலோசனை மட்டும் தவறு. அவர் வேதம் வாசிக்கும்போது கண்ணாடி போடுகிறாரா என்று பாருங்கள். போட்டால், கண்ணுக்கு ஒரு நியாயம் மனசுக்கு ஒரு நியாயமா என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். பவுலின் கூடவே கடைசிவரை இருந்த லூக்கா ஒரு வைத்தியன். அடிக்கடி நோய்வாய்ப்பட்ட தீமோத்தேயுவுக்கு, வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் குடி என்று மருந்து சொல்லியனுப்பியவரும் பவுல்தான்; உனக்கு விசுவாசம் போதாது என்று எழுதவில்லை. இதையெல்லாம் அவரிடம் சண்டைக்காக அல்லாமல் மெதுவாகச் சொல்லுங்கள். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவரையே துணைக்கு அழைத்துப் போங்கள். ஓபி வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு அவர் ஜெபிக்கட்டும். அங்கே அந்த ஜெபத்துக்கு வேலை இருக்கிறது.

ஆகவே, உங்களுக்கு விசுவாசம் இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பூ கருகிய பிறகும் மத்தேயு ஆறைத் திறந்து வைத்துக்கொண்டு அழுகிறவளுக்கு விசுவாசம் இல்லாமல் என்ன? மாத்திரையைப் போடுங்கள், டாக்டர் சொல்கிற நாள்வரை போடுங்கள். எந்த ராத்திரியாவது அந்தக் கெட்ட நினைப்பு நெருக்கினால், விடியும்வரை காத்திருக்காமல் வீட்டுக்காரரை எழுப்புங்கள். மத்திய அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் கூப்பிடலாம். காசு இல்லை, தமிழிலேயே பேசலாம்.